விர்ச்சோ பெயர் தாங்கிய மருத்துவச் சொற்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாத்தாலஜி, அதாவது நோயியல், பாடம் நடத்துகிறேன். ஆண்டுதோறும் என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. பாதி, இரண்டாம் ஆண்டு மாணவர்கள் கேட்பவை. மீதி, ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு உறவினர்களும் தெரிந்தவர்களும் போனில் கேட்பவை. ஒரே பெயர் கழுத்துக் கட்டியிலும் வருகிறது, கால் வீக்கத்திலும் வருகிறது, மூளை ஸ்கேனிலும் வருகிறது. அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன்.

யார் இந்த விர்ச்சோ?

ருடால்ஃப் விர்ச்சோ 1821 அக்டோபர் 13 அன்று பிரஷ்யாவின் பொமரேனியா பகுதியில் ஷீஃபெல்பைன் என்ற சிற்றூரில் பிறந்தார். அந்த ஊர் இன்று போலந்தில் இருக்கிறது. பெர்லினில் ராணுவத்துக்கு மருத்துவர்களை உருவாக்கும் கல்வி நிலையத்தில் படித்து 1843-இல் பட்டம் பெற்றார். ஷாரிட்டே மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தார். 25 வயதுக்குள் அங்கே பிணவறைப் பொறுப்பு அவர் கைக்கு வந்துவிட்டது. 1849 முதல் வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகம், 1856 முதல் மீண்டும் பெர்லின், அப்புறம் சாகும்வரை பெர்லின்தான்.

அவர் படித்த காலத்தில் நோய் என்றால் உடலின் நீர்களில் ஏற்படும் கோளாறு என்ற எண்ணம் முழுதாக அழியவில்லை. நம் ஊரில் வாதம், பித்தம், கபம் என்பதுபோல ஐரோப்பாவில் இரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்று நான்கு. விர்ச்சோ 1858-இல் பெர்லின் மருத்துவர்கள் முன் வரிசையாக 20 சொற்பொழிவுகள் ஆற்றி, நோய் குடியிருப்பது செல்லில் என்று நிறுவினார். இன்று ஒரு சதைத் துண்டை எடுத்து, மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து "இது புற்றுநோய்" என்றோ "இல்லை" என்றோ நாங்கள் எழுதுகிறோமே, அந்த வேலைக்கு அடிப்படை போட்டவர்களில் முதல்வர் அவர்.

என்னை அவரிடம் இழுத்தது அவர் விடாமல் கேட்ட ஒரே கேள்வி: இது எங்கிருந்து வந்தது? கீழே வரும் சொற்களில் பெரும்பாலானவை அந்தக் கேள்விக்குக் கிடைத்த விடைகள்.

பெயரை எப்படி உச்சரிப்பது?

நம் வகுப்பறைகளில் விர்ச்சோ, விர்ச்சௌ, விர்க்கோ என்று மூன்றும் கேட்கும். ஜெர்மானியர் வாயில் நடுவில் வருவது ஷ-வுக்கும் ஹ-வுக்கும் இடைப்பட்ட ஒரு மூச்சொலி. தமிழில் அதற்கு எழுத்தில்லை. கடைசியில் வருவது "ஓ". முதலெழுத்தை "ஃபி" என்றும் "வி" என்றும் அவர்களே இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். நான் இங்கே விர்ச்சோ என்றே எழுதுகிறேன்.

விர்ச்சோ நோட் என்றால் என்ன? அது ஏன் இடது பக்கம் மட்டும்?

உங்கள் இடது காறை எலும்புக்கு மேலே ஒரு பள்ளம் இருக்கிறது. காதுக்குப் பின்னாலிருந்து சரிவாக இறங்கும் கழுத்துத் தசை காறை எலும்பில் வந்து சேருமிடத்துக்குப் பின்னால் விரலை வையுங்கள். அங்கே இருக்கும் நிணநீர்க் கணுதான் (நெறி கட்டும்போது வீங்குகிறதே, அந்தச் சிறு முடிச்சு) விர்ச்சோ நோட். வயிற்றுக்குள் இருக்கும் புற்றுநோய், குறிப்பாக இரைப்பைப் புற்றுநோய், இந்தக் கணுவில் வந்து தங்குவதை அவர் 1848-இல் எழுதினார்.

வயிற்றில் இருப்பது கழுத்துக்கு எப்படி வந்தது? உடம்பில் நிணநீர் ஓட்டம் இரு பக்கமும் சமமாக இல்லை. இரண்டு கால்கள், வயிறு, இடது மார்பு, இடது கை, தலையின் இடது பாதி, இவ்வளவு இடத்து நிணநீரும் இடது பக்கம்தான் வடிகிறது. இதில் கால்களிலிருந்தும் வயிற்றிலிருந்தும் வருவது ஒரு மெல்லிய குழாயில் சேர்ந்து, முதுகெலும்பை ஒட்டியே மேலே ஏறி, கழுத்தின் இடது அடிவாரத்தில் பெரிய சிரையில் கலக்கிறது. வலது பக்கத்துக்கு மிஞ்சுவது வலது கை, வலது மார்பு, தலையின் வலது பாதி மட்டும். ஆக, வயிற்றுக்கு இடது கழுத்துதான் கடைமடை. தலைமடையில் விழுந்தது கடைமடையில் கரை ஒதுங்குவதுபோல, இரைப்பையில் கழன்ற புற்றுச் செல்கள் அங்கே வந்து தங்கி வளர்கின்றன.

மாணவனாக இருந்தபோது ஓர் ஆசிரியர் என் இரண்டு விரல்களைப் பிடித்து ஒரு பெரியவரின் கழுத்தில் அந்த இடத்தில் வைத்தார். ஊறிய கொண்டைக்கடலை அளவுதான். ஆனால் அழுத்தினால் கொடுக்கவில்லை, கல். பக்கவாட்டில் தள்ளினேன், அசையவில்லை. பெரியவர் மருத்துவமனைக்கு வந்தது பசி இல்லை, வேட்டி இடுப்பில் நிற்கவில்லை என்று. கழுத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஏனென்றால் அது வலிக்கவே இல்லை. "இப்போது வயிற்றைப் பார்" என்றார் ஆசிரியர். பாடம் அவ்வளவுதான், இன்றுவரை மறக்கவில்லை.

தேட வேண்டிய முறையையும் சொல்லிவிடுகிறேன். நோயாளியை உட்கார வைத்து, பின்னால் நின்று, தோளைக் கொஞ்சம் முன்னே தளர்த்தச் சொல்லி, பள்ளத்தில் விரலை இறக்க வேண்டும். லேசாக இருமச் சொன்னால் ஆழத்தில் இருக்கும் கணு விரலுக்கு எட்டும்.

த்ருவாசியே அறிகுறி என்பதும் இதுதானா?

ஆம். ஷார்ல் எமில் த்ருவாசியே என்ற பிரெஞ்சு மருத்துவர் 1889-இல் இரைப்பை மட்டுமல்லாமல் வயிற்றின் மற்ற உறுப்புகளில் வரும் புற்றும் இங்கே வரும் என்று விரிவாக எழுதினார். கணையம், சிறுநீரகம், சினைப்பை, விதை எல்லாம் இந்தப் பட்டியலில் உண்டு. கணுவுக்கு விர்ச்சோ பெயர், அது வீங்கிக் கையில் தட்டுப்படுவதற்கு த்ருவாசியே பெயர் என்று பிரித்துக்கொள்ளலாம்.

எனக்கு இடது கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது. புற்றுநோயா?

கழுத்தில் நெறி கட்டுவது மிகச் சாதாரணம். தொண்டைப் புண், பல் சொத்தை, தலையில் சிரங்கு, எதற்கும் கட்டும். நம் நாட்டில் காசநோயும் கழுத்துக் கணுக்களில் அடிக்கடி வருகிறது. அது மாத்திரையில் குணமாகும். ஆனால் காறை எலும்புக்கு மேலே, வலியில்லாமல், கெட்டியாக, இரண்டு மூன்று வாரம் ஆகியும் கரையாமல் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். ஊசியால் உறிஞ்சி எடுத்துப் பார்க்கும் சோதனை சில நிமிட வேலை. அதைச் செய்யாமல் யாரும் இது என்ன என்று சொல்லிவிட முடியாது, நானும் போனில் சொல்ல முடியாது.

விர்ச்சோ டிரையாட் என்று மூன்று காரணங்கள் சொல்கிறார்களே, அது என்ன?

இரத்தக் குழாய்க்குள் இரத்தம் ஏன் உறைகிறது என்பதற்கான மூன்று காரணங்கள். ஓட்டம் மந்தமாவது, குழாயின் உட்சுவர் காயப்படுவது, இரத்தமே உறையும் போக்கில் இருப்பது. மூன்றில் ஒன்று போதும். இரண்டு சேர்ந்தால் ஆபத்து கூடும்.

இதை மனப்பாடம் செய்வதைவிட வார்டில் ஒரு சுற்று வந்து பார்ப்பது நல்லது. இடுப்பு எலும்பு உடைந்து படுத்த படுக்கையாக இருக்கும் பாட்டி: கால் அசையவில்லை, ஓட்டம் மந்தம், எலும்பு உடைந்தபோது பக்கத்துச் சிரைகளும் காயம்பட்டிருக்கும். சிசேரியன் ஆன பெண்: கர்ப்பமே இரத்தத்தை உறையும் பக்கம் தள்ளிவைத்திருக்கிறது, அதற்குமேல் படுக்கை. கணையப் புற்றுநோய் உள்ளவர்: புற்று சுரக்கும் பொருட்கள் இரத்தத்தை உறையத் தூண்டுகின்றன. ஆபரேஷன் ஆன மறுநாளே "எழுந்து நடங்க" என்று நர்ஸ் சத்தம் போடுவது இதனால்தான். தையல் வலிக்கும் நேரத்தில் அந்தக் குரல் எரிச்சலாக இருக்கும். அவர் முதல் காரணத்தை உங்கள் காலிலிருந்து துரத்திக்கொண்டிருக்கிறார்.

இந்த மூன்றையும் விர்ச்சோதான் சொன்னாரா?

இங்கேதான் கதை சுவாரசியமானது. "மூன்று காரணங்கள்" என்று எண் போட்டு அவர் எங்கும் எழுதவில்லை. அந்தத் தொகுப்பும் அதற்கு அவர் பெயரும் இருபதாம் நூற்றாண்டில் வந்து ஒட்டியவை. அவர் போராடி நிறுவியது வேறொன்று, என் கணக்கில் அதைவிடப் பெரியது.

1840-களில் பிணவறையில் நுரையீரலைத் திறந்தால் தமனிக்குள் கட்டிகள் கிடைக்கும். அவை அங்கேயே உண்டானவை என்று பலர் நினைத்தார்கள். பாரிஸின் பெரும் புள்ளியான க்ருவேலியே, சிரை அழற்சிதான் எல்லாவற்றுக்கும் வேர் என்று சொல்லிவந்தார். விர்ச்சோ அந்தக் கட்டிகளை எடுத்து உற்றுப் பார்த்தார். நுரையீரலில் கிடைத்த கட்டியின் முனையும் கால் சிரையில் கிடைத்த கட்டியின் உடைந்த முனையும் பொருந்திப் போவதைக் கண்டார். அப்புறம் நாய்களின் கழுத்துச் சிரைக்குள் ரப்பர்த் துண்டுகளையும் உறைந்த இரத்தத்தையும் விட்டார். அவை இதயத்தின் வலப்பக்கம் வழியாகப் போய் நுரையீரல் தமனியில் சிக்கி நின்றன. நுரையீரலில் இருப்பது காலிலிருந்து வந்தது என்று காட்டியாகிவிட்டது. பயணம் செய்து அடைக்கும் கட்டிக்கு எம்போலஸ் என்று கிரேக்கச் சொல்லைக் கொடுத்தவரும் அவரே.

மாணவர்களுக்கு ஒரு குறிப்பு. பிணவறையில் காணும் எல்லாக் கட்டியும் உயிரோடு இருந்தபோது உறைந்ததல்ல. இறந்த பிறகு உறைந்தது பளபளப்பாக, ஈரமாக, ஜெல்லிபோல் வழுக்கிக்கொண்டு வரும். அடியில் கருஞ்சிவப்பு, மேலே கோழிக் கொழுப்பு நிறம். இழுத்தால் குழாயின் அச்சு அப்படியே முழுதாக வெளியே வந்துவிடும். உயிரோடு இருந்தபோது உறைந்தது உலர்ந்து, சொரசொரப்பாக, சுவரில் ஓரிடத்திலாவது ஒட்டிக்கொண்டிருக்கும், விரலில் உதிரும். வெட்டிப் பார்த்தால் வெளுப்பும் சிவப்புமாக வரிகள் தெரியும்.

மூளை எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில் விர்ச்சோ ராபின் இடைவெளி என்று போட்டிருக்கிறது. பயப்பட வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். மூளையின் மேற்பரப்பிலிருந்து சிறு இரத்தக் குழாய்கள் உள்ளே இறங்கும்போது ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு மெல்லிய உறைபோல நீர் நிறைந்த இடைவெளி கூடவே போகிறது. விர்ச்சோ 1851-இலும் பிரெஞ்சுக்காரர் ஷார்ல் ராபின் 1859-இலும் இதை விவரித்தார்கள், அதனால் இரட்டைப் பெயர். எல்லார் மூளையிலும் உண்டு. வயது ஏற ஏற அகலமாகும், ஸ்கேனில் கண்ணுக்குத் தெரியும். எண்ணிக்கை மிக அதிகமாக இருந்தால் சிறு இரத்தக் குழாய்கள் பாதிக்கப்பட்டிருப்பதன் அடையாளமாகவும் இருக்கலாம். உங்கள் நரம்பியல் மருத்துவர் ரத்த அழுத்தத்தைப் பற்றிக் கேட்டால் அதற்குக் காரணம் இது.

குழந்தையின் தலை நீளமாக இருக்கிறது என்றதும் டாக்டர் விர்ச்சோ விதி என்றாரே?

பிறந்த குழந்தையின் மண்டையோடு ஒரே எலும்பு இல்லை. பல தகடுகள், நடுவில் தையல் போட்டதுபோல் இணைப்புகள். உச்சிக்குழி துடிப்பதை எல்லாரும் பார்த்திருப்போம், அது பல தையல்கள் சந்திக்கும் இடம். உள்ளே மூளை வளர வளர இந்தத் தையல்கள் இடம்கொடுத்துத் தலை பெரிதாகிறது. ஏதாவது ஒரு தையல் நேரத்துக்கு முன்பே மூடிக்கொண்டால்? அந்தத் தையலுக்குக் குறுக்காக வளர்ச்சி நின்றுபோகும், நெடுக்காக வளர்ச்சி கூடும் என்று விர்ச்சோ 1851-இல் சொன்னார். அதுதான் விதி.

உச்சந்தலையில் முன்னிருந்து பின்னாக ஓடும் தையல் மூடிவிட்டால் தலை அகலத்தில் வளர முடியாது. நெற்றியும் பின்மண்டையும் தள்ளிக்கொண்டு தோணிபோல் நீளும். எல்லா உருமாற்றத்தையும் இந்த ஒரு விதியால் விளக்க முடியாது என்று பின்னால் வந்தவர்கள் காட்டிவிட்டார்கள். ஆனாலும் குழந்தையின் தலை வடிவத்தைப் பார்த்து எந்தத் தையல் மூடியிருக்கும் என்று முதலில் யூகிக்க இன்றும் இதுவே கைகொடுக்கிறது. ஒரே பக்கமாகப் படுக்க வைப்பதால் தலை தட்டையாவது வேறு விஷயம், அதில் தையல் மூடுவதில்லை. இரண்டையும் பிரித்தறிவது குழந்தை மருத்துவரின் வேலை.

விர்ச்சோ செல் என்பது எந்த நோயில்?

தொழுநோயில். 1859-இல் நார்வே அரசின் அழைப்பில் அவர் அங்கே போனார். நார்வேயின் மேற்குக் கரையில் அப்போது தொழுநோய் பரவலாக இருந்தது. பெர்கன் நகரில் அதற்கென்றே மருத்துவமனைகள் இருந்தன. நோயாளிகளின் தோல் முடிச்சுகளில், நுரைபோல் குமிழ் குமிழாக உட்புறம் நிறைந்த பெரிய செல்களை அவர் விவரித்தார். அவை நோய்க்கிருமியை விழுங்கிய காவல் செல்கள், விழுங்கியும் கொல்ல முடியாமல் கிருமியைச் சுமந்துகொண்டிருப்பவை. விர்ச்சோ கண்ணில் செல் பட்டது, உள்ளே இருந்த கிருமி படவில்லை. அதை 1873-இல் அதே பெர்கனில் ஹான்சன் என்ற மருத்துவர் பார்த்தார். நம் ஊர் ஆய்வகங்களில் தொழுநோய்த் தோல் ஸ்லைடில் இந்தச் செல்லை இன்றும் காட்டிக் கொடுக்கிறோம். சரியான சாயம் ஏற்றினால் நீலப் பின்னணியில் சிவப்புக் குச்சிகள், கட்டுக் கட்டாக.

பிரேதப் பரிசோதனையில் விர்ச்சோ முறை என்றால்?

உறுப்புகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து ஒவ்வொன்றாக ஆராயும் முறை. ரொகிடான்ஸ்கி, கோன், லெட்டூல் பெயர்களில் வேறு முறைகள் உண்டு. லெட்டூல் முறையில் மார்பு, வயிற்று உறுப்புகளை ஒரே தொகுப்பாக எடுப்பார்கள். விர்ச்சோ முறையில் வேகம் உண்டு, ஓர் உறுப்பின் நோயைத் தெளிவாகப் பார்க்கலாம். குறை என்னவென்றால் உறுப்புக்கும் உறுப்புக்கும் இடையே உள்ள தொடர்பு அறுந்துவிடும். ஷாரிட்டே பிணவறையில் தான் கடைப்பிடித்த ஒழுங்கை 1876-இல் கையேடாகவே எழுதினார். எந்த இடத்தையும் விட்டுவிடாமல், எப்போதும் ஒரே வரிசையில் பார்க்க வேண்டும் என்பது அதன் உயிர்.

அவர் பெயர் இல்லாமலேயே அவர் தந்த சொற்கள் உண்டா?

உண்டு, அவைதான் அதிகம் புழங்குகின்றன. லுக்கேமியா, அதாவது இரத்தப் புற்றுநோய், என்பது அவர் 1847-இல் வைத்த பெயர். கிரேக்கத்தில் வெள்ளை இரத்தம் என்று பொருள்.

அதன் பின்னணி 1845. ஷாரிட்டேயில் 50 வயதான ஒரு சமையல்காரப் பெண் இறந்தார். அசதி, கால் வீக்கம், மூக்கில் இரத்தம், பெருத்துப்போன மண்ணீரல். உடலைத் திறந்தபோது இரத்தக் குழாய்களில் சிவப்புக்குப் பதிலாக மஞ்சள் கலந்த வெள்ளைக் குழம்பு. சீழ் என்றுதான் யாருக்கும் தோன்றும். அதே ஆண்டு சில வாரங்கள் முன்னதாக இதே போன்ற நோயாளியைப் பற்றி எழுதிய எடின்பரோவின் ஜான் ஹியூஸ் பென்னெட் சீழ் என்றே கொண்டார். 24 வயது விர்ச்சோ கேட்டது: சீழ் என்றால் அது எங்கிருந்து வந்தது? உடம்பில் எங்கும் சீழ் பிடித்த இடம் இல்லையே? மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் அவை எல்லாருக்கும் இருக்கும் வெள்ளையணுக்கள். சிவப்பணுவும் வெள்ளையணுவும் எண்ணிக்கையில் இடம் மாறியிருந்தன. கெட்டுப்போன இரத்தம் அல்ல, இரத்தத்தின் ஒரு பகுதியே கட்டுமீறிப் பெருகியிருக்கிறது என்ற பார்வை அங்கே தொடங்குகிறது. யார் முதலில் என்று இருவருக்கும் பின்னால் வழக்காடல் நடந்தது. நோயை முதலில் எழுதியவர் பென்னெட், அதைச் சரியாகப் புரிந்துகொண்டவர் விர்ச்சோ என்பது என் முடிவு.

அமிலாய்டு இன்னொன்று. சில உறுப்புகளில் படியும் மெழுகு போன்ற பொருளில் அயோடின் விட்டார். பள்ளிக்கூடத்தில் உருளைக்கிழங்குத் துண்டில் அயோடின் விட்டு நிறம் மாறுவதைப் பார்த்திருப்பீர்களே, அதுபோல நிறம் மாறியது. மாவுப்பொருள் போன்றது என்ற பொருளில் 1854-இல் பெயர் வைத்தார். ஐந்தே ஆண்டில், 1859-இல், அது புரதம் என்று ஃப்ரீட்ரைக்கும் கெக்குலேயும் காட்டிவிட்டார்கள். பெயர் மட்டும் மாறவில்லை. நரம்புச் செல்களைத் தாங்கும் திசுவுக்கு நியூரோகிளியா, அதாவது நரம்புப் பசை, என்பதும் அவர் வைத்ததே.

"செல்லிலிருந்தே செல்" என்ற கொள்கை அவருடையதுதானே?

அதைப் பரப்பியவர் அவர். முதலில் கண்டவர் அவரல்லர். ஒவ்வொரு செல்லும் இன்னொரு செல் பிரிந்துதான் உண்டாகிறது என்று ராபர்ட் ரெமாக் 1852-இலேயே ஆராய்ச்சியோடு எழுதினார். விர்ச்சோ 1855-இல் அதைச் சுருக்கமான லத்தீன் வாசகமாக எழுதினார், ரெமாக் பெயரைச் சொல்லவில்லை. ரெமாக் யூதர், மதம் மாற மறுத்ததால் பிரஷ்யப் பல்கலைக்கழகத்தில் முழுப் பேராசிரியர் பதவி அவருக்குக் கிடைக்கவேயில்லை. விர்ச்சோவை நான் மிக மதிக்கிறேன். ஆனாலும் வகுப்பில் இந்தக் கொள்கையைச் சொல்லும்போது ரெமாக் பெயரை முதலில் சொல்கிறேன். எது எங்கிருந்து வந்தது என்று வாழ்நாள் முழுதும் கேட்டவர் இந்த ஓரிடத்தில் அதைச் சொல்லாமல் விட்டது எனக்கு வருத்தம்தான்.

அவர் தவறே செய்யவில்லையா?

செய்தார், பெரிய தவறுகள். 1856-இல் ஜெர்மனியின் நியாண்டர் பள்ளத்தாக்கில் கிடைத்த எலும்புகளை 1872-இல் பரிசோதித்து, இது பழைய மனித இனம் ஒன்றும் இல்லை, இளமையில் எலும்பு மென்மை நோயும் முதுமையில் மூட்டு வாதமும் வந்த ஒரு மனிதன் என்றார். நியாண்டர்தால் மனிதரை ஏற்றுக்கொள்வது ஜெர்மனியில் இதனாலேயே தாமதமானது. காசநோயில் நுரையீரலை அரித்து உடலை உருக்கும் நோயும், காசக் கணு எனப்படும் சிறு முடிச்சுகள் வரும் நோயும் இரண்டு தனி நோய்கள் என்று பிடிவாதமாக இருந்தார். இரண்டும் ஒன்றே என்று 1882-இல் ராபர்ட் கோக் கிருமியைக் காட்டினார். கிருமிகளே நோய்க்குக் காரணம் என்ற பேச்சில் அவருக்குத் தயக்கம் இருந்தது. நோயுற்ற திசுவைத் தேடித்தான் கிருமி வருகிறது என்பது அவர் சாய்வு.

ஆனால் பயாப்ஸி பார்க்கும் எங்களுக்கு நெஞ்சில் தைப்பது 1887. ஜெர்மன் பட்டத்து இளவரசர் ஃபிரெடரிக்கின் குரல் கம்மிப்போனது. குரல்நாணில் ஒரு தடிப்பு. ஜெர்மன் மருத்துவர்கள் புற்றுநோய் என்று சந்தேகித்து மே மாதம் அறுவைக்குத் தயாரானார்கள். இங்கிலாந்திலிருந்து அழைக்கப்பட்ட மொரெல் மெக்கன்சி, முதலில் ஒரு துண்டு எடுத்து விர்ச்சோவிடம் அனுப்புவோம் என்றார். தொண்டைக்குள் கண்ணாடியில் பார்த்து இடுக்கியால் கிள்ளி எடுத்த மிகச் சிறு துண்டு. விர்ச்சோ பார்த்தார், புற்றுநோய் இல்லை என்று எழுதினார். அறுவை கைவிடப்பட்டது. மீண்டும் எடுத்த துண்டுகளிலும் அவருக்குப் புற்று தென்படவில்லை. 1888 மார்ச்சில் ஃபிரெடரிக் பேரரசரானார், அப்போதே பேச முடியாத நிலை. 99 நாள் ஆட்சி. ஜூன் 15 அன்று இறந்தார். பிரேதப் பரிசோதனையில் குரல்வளைப் புற்றுநோய் உறுதியானது. அந்தப் பரிசோதனையைச் செய்ததும் விர்ச்சோதான்.

அவர் பார்த்ததைத் தவறாகச் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. அந்தத் துண்டில் புற்று இல்லாமல் இருந்திருக்கலாம். மேலோட்டமாகக் கிள்ளினால் மேல்தோல் தடிப்புதான் வரும், புற்று அடியில் இருக்கும். எங்கள் ரிப்போர்ட் பேசுவது எங்களுக்கு வந்த துண்டைப் பற்றி மட்டுமே. "பயாப்ஸியில் ஒன்றும் இல்லை" என்று வந்தும் மருத்துவர் மறுபடி எடுக்கச் சொன்னால் கோபப்படாதீர்கள். மருத்துவரின் கைக்கும் கண்ணுக்கும் பட்ட சந்தேகம் ரிப்போர்ட் வந்ததும் தீர்ந்துவிடுவதில்லை.

மருத்துவர் அரசியலுக்கு ஏன் போனார்?

1848 பிப்ரவரியில் பிரஷ்ய அரசு அவரை மேல் சிலேசியாவுக்கு அனுப்பியது. வெள்ளம், விளைச்சல் நாசம், பஞ்சம், அதன் மேல் டைஃபஸ் காய்ச்சல். போலிஷ் மொழி பேசும் ஏழை நெசவாளிகளும் விவசாயிகளும் குடும்பம் குடும்பமாகச் செத்துக்கொண்டிருந்தார்கள். அவருக்கு 26 வயது. ஏறக்குறைய மூன்று வாரம் ஊர் ஊராக, குடிசை குடிசையாகப் போனார். என்ன மருந்து கொடுக்கலாம் என்று அரசு எதிர்பார்த்தது. அவர் கொடுத்த அறிக்கையில் முழுமையான ஜனநாயகம் வேண்டும், கல்வி வேண்டும், மக்களின் போலிஷ் மொழிக்கு இடம் வேண்டும், வரிச்சுமை ஏழையிடமிருந்து எடுக்கப்பட வேண்டும், சாலை வேண்டும் என்று இருந்தது. காய்ச்சல் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை அவர் குடிசையோடு நிறுத்திக்கொள்ளவில்லை. பெர்லின் திரும்பிய சில நாளில் மார்ச் புரட்சி வெடித்தது, அவர் தெருத் தடுப்பரணில் நின்றார். மருத்துவம் ஒரு சமூக அறிவியல், அரசியல் என்பது பெரிய அளவில் செய்யும் மருத்துவம் என்று அந்த ஆண்டுதான் எழுதினார். இதனால் வேலை ஆட்டம் கண்டு, அடுத்த ஆண்டு வூர்ஸ்பர்க் போக வேண்டியதாயிற்று.

பின்னாளில் பெர்லின் நகர மன்றத்தில் 1859 முதல் இறக்கும்வரை உறுப்பினர். அப்போது பெர்லின் தெருவோரச் சாக்கடைகளில் கழிவு திறந்தே ஓடியது. பொறியாளர் ஹோப்ரெக்ட்டோடு சேர்ந்து அவர் வாதாடிக் கொண்டுவந்த பாதாளச் சாக்கடைத் திட்டத்தின் வேலை 1873-இல் தொடங்கியது. கழிவுநீரை ஊருக்கு வெளியே வயல்களில் பாய்ச்சினார்கள். மைக்ராஸ்கோப்பில் கண்டதைவிட இந்தக் குழாய்கள் அதிக உயிர்களைக் காப்பாற்றியிருக்கும் என்று நான் நம்புகிறேன்.

பிஸ்மார்க்கிடம் புழு வைத்த சாசேஜைக் காட்டிச் சண்டை போட்டாரா?

அப்போது பிரஷ்யாவின் பிரதமராக இருந்த பிஸ்மார்க் 1865-இல் அவரை ஒற்றைக்கு ஒற்றைச் சண்டைக்கு அழைத்தது உண்மை, அவர் மறுத்ததும் உண்மை. ஆயுதமாக இரண்டு சாசேஜ், ஒன்றில் பன்றி இறைச்சிப் புழு என்பதெல்லாம் பிறகு முளைத்த கதை. அந்தப் புழுவை அவர் ஆராய்ந்ததும், இறைச்சிப் பரிசோதனையைக் கட்டாயமாக்கப் பாடுபட்டதும் நடந்தவை.

தமிழர்களோடு அவருக்கு ஏதாவது தொடர்பு?

ஒன்று உண்டு. பிற்காலத்தில் அவர் மானிடவியலில் மூழ்கினார். 1881-இல் இலங்கையின் வேடர்களைப் பற்றியும் அண்டையில் வாழும் தமிழர், சிங்களர் போன்ற மக்களோடு அவர்களுக்குள்ள உறவைப் பற்றியும் ஒரு நீண்ட ஆய்வு வெளியிட்டார். பெர்லினில் இருந்தபடி மண்டையோடுகளை அளந்தும் பயணிகளின் குறிப்புகளைப் படித்தும் எழுதியது. மண்டையோட்டை அளந்து மனிதரை வகைப்படுத்தும் அந்தக் காலப் பழக்கத்தை இன்று நாம் ஏற்பதில்லை. அந்த எலும்புகள் யாருடைய சம்மதத்தோடு ஐரோப்பாவுக்குப் போயின என்ற கேள்வியும் நியாயமானது. அதே மனிதர் ஜெர்மன் பள்ளிக் குழந்தைகள் சுமார் 67 லட்சம் பேரின் முடி, கண், தோல் நிறத்தைக் கணக்கெடுக்க வைத்து, தூய ஜெர்மன் இனம் என்று ஒன்று இல்லை என்று 1886-இல் காட்டியதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எப்படி இறந்தார்?

1902 ஜனவரி 4. வயது 80. பெர்லின் லைப்சிகர் தெருவில் ஓடிக்கொண்டிருந்த டிராமிலிருந்து குதித்து இறங்கினார், விழுந்து தொடை எலும்பு முறிந்தது. மாதக்கணக்கில் படுக்கை. கொஞ்சம் தேறினார், பழைய நிலைக்குத் திரும்பவில்லை. செப்டம்பர் 5 அன்று இதயம் செயலிழந்து இறந்தார். பெர்லின் நகரம் தன் செலவில் இறுதி மரியாதை செய்து ஷோனபெர்க்கில் பழைய புனித மத்தேயு இடுகாட்டில் அடக்கம் செய்தது. மனைவி ரோஸும் பின்னர் அங்கேயே அடக்கமானார்.